ஊர் சுற்ற மட்டும் உடம்பு இருக்கிறதா?

நீண்டகால நோயிலிருந்து தேறிவருபவரின் முதல் கடமை ஓய்வு என்பதும், பயணம், ஓவியம், தோட்டம், விளையாட்டு எல்லாம் உடம்பு முழுதாகச் சரியான பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை என்பதும் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. வீட்டுப் பெரியவர்கள் இதை அன்போடு சொல்வார்கள். அலுவலகத்தில் கொஞ்சம் கடுப்போடு சொல்வார்கள். "வேலைக்கு வர முடியல, ஊர் சுத்த மட்டும் உடம்பு இருக்கா?" என்ற கேள்வியில் அறிவுரை, சந்தேகம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அசைவு நோயாளிக்குக் கெடுதல் என்பது அறிவுரை. அசைய முடிகிறவர் நோயாளியே அல்ல என்பது சந்தேகம். அறிவுரையைப் பல நோய்களில் மருத்துவ வரலாறே பொய்யாக்கிவிட்டது. சந்தேகமோ நீண்டகால நோயின் போக்கு தெரியாமல் எழுவது.

ஓய்வுச் சிகிச்சையை மருத்துவத்தின் ஆதி ஞானம் போலப் பேசுவது வழக்கம். அதற்கு அவ்வளவு வயதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலேசியாவின் கெர்பர்ஸ்டோர்ஃப் கிராமத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நடத்திய ஹெர்மன் பிரெமர், நோயாளிகளை மலைச்சரிவில் நடக்க விட்டார். அவரிடம் நோயாளியாக வந்து, பிறகு அவருக்கே உதவியாளராகப் பணியாற்றியவர் பீட்டர் டெட்வைலர். இவர் 1876-ல் ஃபால்கன்ஷ்டைனில் தனி நிலையம் தொடங்கியபோது வழியை மாற்றினார். திறந்த தாழ்வாரத்தில், சாய்வுக் கட்டிலில், கம்பளி போர்த்தி, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது அவர் விதி. பிற நாடுகளுக்கு அதிகம் பரவியது இந்தப் படுக்கை முறைதான். 1905-ல் இங்கிலாந்தின் ஃப்ரிம்லியில் மார்கஸ் பேட்டர்சன் மறுபடியும் எதிர்த்திசைக்குப் போய், நோயாளிகளைக் கூடை சுமப்பதில் தொடங்கி மண்வெட்டி பிடிப்பதுவரை படிப்படியாக உழைக்க வைத்தார். ஒரே நோய்க்கு நேரெதிரான வைத்தியங்கள். ஒவ்வொருவரிடமும் காட்டுவதற்குக் குணமான நோயாளிகள் சிலர் இருந்தார்கள். இரு தரப்பு நோயாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அன்று இல்லை.

காசநோயாளிகளுக்காவது தாழ்வாரத்தில் காற்று கிடைத்தது. நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கு அமெரிக்க மருத்துவர் சைலஸ் வீர் மிட்செல் வகுத்த ஓய்வுச் சிகிச்சையில் தனிமை, படுக்கை, பால் நிறைந்த கொழுத்த உணவு ஆகியவைதான் மருந்து. 1887-ல் அவரிடம் சிகிச்சை பெற்றுத் திரும்பிய எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்குக் கிடைத்த அறிவுரை: வீட்டு வாழ்க்கையோடு இரு, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுக்காதே, பேனாவையும் தூரிகையையும் உயிருள்ளவரை தொடாதே. சில மாதங்கள் அதன்படி இருந்து மனம் சிதையும் எல்லைக்கு வந்த பிறகு அவர் அறிவுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை 1892-ல் வெளிவந்தது. மிட்செல் ஆண் நோயாளிகள் சிலரை மேற்கு அமெரிக்காவின் திறந்த வெளிகளுக்குக் குதிரையேறவும் வேட்டையாடவும் அனுப்பினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாருக்குப் படுக்கை, யாருக்குக் குதிரை என்பதை நோய் மட்டும் தீர்மானிக்கவில்லை.

சானடோரிய விதி தமிழர் ஒருவர் மீதும் விழுந்தது. 1917 முதல் இங்கிலாந்தில் காசநோயாளியாக நடத்தப்பட்ட கணிதமேதை ராமானுஜன், திறந்த காற்றுச் சிகிச்சை என்ற பெயரில் கணப்பு இல்லாத அறையில் கிடந்தார். கணிதத்தில் ஆழ்ந்து வேலை செய்யும் நாட்களில் கணப்பு மூட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அந்த நாள் வரவேயில்லை என்று அவர் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். குளியலறை மட்டும் கதகதப்பாக இருந்ததால், பேனாவும் தாளுமாகத் தினமும் அங்கே போய் உட்காரப்போவதாகவும் எழுதினார். அவரைச் சில காலம் கவனித்த மருத்துவர் சௌரிமுத்து அப்போது சோமர்செட்டின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றும் பெயர் சொல்லி இறங்கும் தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவரும் அவரே. ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா, கல்லீரலைத் தாக்கிய அமீபாத் தொற்றா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது. நோய் எது என்றே உறுதியில்லாதபோதும் ஓய்வு விதி மட்டும் உறுதியாக இருந்திருக்கிறது.

இந்த விதியை முறையாகச் சோதித்துப் பார்த்த இடம் சென்னை. ராமானுஜன் 1920-ல் இறந்த அதே சேத்துப்பட்டில், 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து நடத்திய அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐசோனியசிட், பாஸ் ஆகிய மருந்துகள் கைக்கு வந்திருந்த காலம் அது. ஆனால் சானடோரியப் படுக்கைகளோ தேவையின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது: நல்ல சாப்பாடு, காற்றோட்டம், நீண்ட ஓய்வு, செவிலியர் கவனிப்பு. மறுபாதி நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தது: குறைந்த உணவு, வீட்டு வேலை, கடைத்தெரு, உடம்பு கொஞ்சம் தேறியதும் பிழைப்பு. இரு தரப்புக்கும் அதே மருந்துகள், ஓராண்டுக்கு.

1959-ல் வெளியான முடிவு பழைய நம்பிக்கையின் அடிக்கல்லைப் பெயர்த்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பிலும் வீட்டுத் தரப்பில் நோய் திரும்புவது கூடுதலாக இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் பரவுவதும் அதிகரிக்கவில்லை. உணவும் ஓய்வும் நல்ல வீடும் வேண்டாதவை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. வயிறார உண்பது எவருக்கும் உரிமை. அது சொன்னது குறிப்பான ஒன்று: சரியான மருந்து ஒழுங்காகச் சேரும்போது, படுத்துக் கிடப்பதால் கிடைப்பதாக நம்பப்பட்ட கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனால் சானடோரியத்தின் மனப்பான்மை கட்டடத்தோடு சேர்ந்து மூடவில்லை. இந்த உண்மை நிரூபிக்கப்பட்ட ஊரிலேயே இன்றும் தேறிவரும் நோயாளியிடம் "பேசாம படு" என்கிறார்கள்.

காசநோய் ஒரு விதிவிலக்கு என்றால் இதயநோய்க்கு வரலாம். மாரடைப்பு வந்தவரை நான்கிலிருந்து ஆறு வாரம் படுக்கையில் அசையாமல் வைப்பது 1950-க்கு முன் எழுதப்படாத சட்டம். பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லௌனும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்தபோது சக மருத்துவர்கள் அதைக் கொலைக்குச் சமமாகப் பார்த்தார்கள். 81 நோயாளிகளின் விவரத்தோடு 1952-ல் கட்டுரை வந்தது. அஞ்சிய மரணங்கள் நிகழவில்லை. நோயாளிகளின் மனநிலையும் தெளிந்தது. 1966-ல் டாலஸில் நடந்த பரிசோதனை இன்னும் எளிமையானது. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது தெரிந்தது. நீண்டகால நோயாளியின் பலவீனத்தில் நோயின் பங்கு எவ்வளவு, படுக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அன்றிலிருந்து இருக்கிறது.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்முனைக்குத் தாவுவார்கள்: அப்படியானால் நோயாளியை எழுப்பி நடக்க வை, ஓட வை, சோம்பல்தான் நோய். இது முதல் தவறைவிடக் கொடியது. மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயில், சக்திக்கு மீறிய சிறு முயற்சிகூட மறுநாளோ அதற்கு மறுநாளோ நோயாளியைச் சாய்த்துவிடும். ஆண்டுக்கணக்கில் இவர்களுக்குப் படிப்படியான உடற்பயிற்சியே சிகிச்சையாக விதிக்கப்பட்டது. நோயாளிகள் தங்கள் நிலை மோசமாகிறது என்று சொன்னது புலம்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2021 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்று, ஒவ்வொருவரும் தம் சக்தியின் எல்லைக்குள் நாளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை முன்வைத்தது. படுக்கச் சொல்லும் விதியும் ஓடச் சொல்லும் விதியும் வெளித் தோற்றத்தில்தான் எதிரெதிர். இரண்டும் அளவை நோயாளியிடமிருந்து பறிக்கின்றன. எவ்வளவு, எப்போது, எதில் என்பதைத் தன் உடம்பைத் தினமும் பார்த்து நோயாளி தீர்மானிப்பதே மறுக்கப்படுகிறது. விரும்பிச் செய்யும் ஒரு வேலையில்தான் அந்த அளவு மிக நுட்பமாகப் பிடிபடும். தூரிகை எப்போது கனக்கத் தொடங்குகிறது என்பது பிடித்திருக்கும் கைக்குத் தெரியும்.

அடுத்தது, அசைய முடிகிறவர் நோயாளியே அல்ல என்ற சந்தேகம். இதற்குப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்டைவிடச் சிறந்த பலி கிடையாது. 1831-ல் யார்க்‌ஷயரில் பிறந்த அவருக்கு முதுகெலும்பருகே இருந்த கட்டி 1850-ல் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டது. முதுகுவலி, தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆயுள்வரை தொடர்ந்தன. கடற்பயணம் போகச் சொன்னது மருத்துவர்களே. 1854-ல் தந்தை கொடுத்த நூறு பவுண்டோடு அமெரிக்கா போனார். 1873-ல் ஹவாய்த் தீவுகளில் மௌனா லோவா எரிமலை மீது ஏறினார். அதே ஆண்டு குளிர்காலம் தொடங்கும் வேளையில் கொலராடோவின் ராக்கி மலைகளில் குதிரையில் நூற்றுக்கணக்கான மைல்கள் அலைந்தார்; 14,000 அடிக்கு மேல் உயர்ந்த லாங்ஸ் சிகரத்தின் உச்சியைத் தொட்டார். வீடு திரும்பினால் மறுபடியும் படுக்கை. 1904-ல் அவர் இறந்தபோது எடின்பரோவின் மருத்துவ இதழொன்று இந்தப் புதிரை வியந்தது: வீட்டில் நோயாளி, வெளியூரில் மல்லர். அந்த வியப்பின் அடியில் அவர் நோய் பாதி நடிப்போ என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. பின்வந்த வாழ்க்கை வரலாற்றாளர்கள் சிலர் அதை வெளிப்படையாகவே கேட்டார்கள்.

கேட்பவர்கள் அவர் எதன் மீது உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனிக்கவில்லை. விக்டோரியா காலத்துப் பெண்கள் இரு காலையும் ஒரே பக்கம் போட்டு, இடுப்பை முறுக்கி, பக்கச் சேணத்தில் குதிரையேற வேண்டும் என்பது மரியாதை. முதுகெலும்பு நோயாளிக்கு இது சித்திரவதை. ஹவாயில் உள்ளூர்ப் பெண்கள் ஆண்களைப் போல இருபுறமும் கால் போட்டு ஏறுவதைப் பார்த்துத் தானும் அப்படி ஏறியபின் பேர்டின் முதுகு தாங்கியது. பிரிட்டனில் அதைச் செய்ய முடியாது, ஊர் சிரிக்கும். ஆக, வெளியூரில் அவர் உடம்பு தேறியதில் மாயம் ஒன்றுமில்லை. வலியைக் கூட்டிய ஏற்பாடு ஒன்று அங்கே இல்லாமல் போனது. இறுக்கமான ஆடை, இருட்டான குளிர்கால வீடு, மணிக்கணக்கான மரியாதைச் சந்திப்புகள் இவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். நோயாளி எங்கே நன்றாக இருக்கிறார் என்பது அவர் பொய்யரா என்பதற்குச் சான்றல்ல. அவரைச் சுற்றி எது சரியில்லை என்பதற்கே அது துப்பு.

நீண்டகால நோய் பலவற்றில் ஒரே நாளின் காலையும் மாலையும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. முடக்குவாதம், லூபஸ், குடல் அழற்சி நோய்கள், ஆஸ்துமா எல்லாம் ஏறி இறங்கும் நோய்கள். சனிக்கிழமை மாமல்லபுரத்தில் எடுத்த சிரித்த முகப் படத்தை உறவினர்கள் வாட்ஸப்பில் பார்ப்பார்கள். அதற்காக வியாழனும் வெள்ளியும் சேமித்த சக்தியையோ, ஞாயிறு முழுக்கப் படுத்த படுக்கையையோ எவரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. அலுவலகத்துக்கும் இன்பச் சுற்றுலாவுக்கும் வேறுபாடு எளிது: சுற்றுலாவில் வலி வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம், திரும்பிவிடலாம், வேறொரு நாளுக்கு ஒத்திப்போடலாம். அலுவலகம் ஒன்பதரைக்கு நோயாளியின் உடம்பைக் கேட்காமல் தொடங்குகிறது. "வேலைக்கு முடியாது, ஊர் சுற்ற முடியும்" என்பதில் முரண்பாடே இல்லை. ஏற்கத்தக்க கேள்வி, வேலையை ஏன் சுற்றுலாவைப் போல் நெகிழ்வாக அமைக்கவில்லை என்பதுதான்.

டார்வினின் நாட்கள் இப்படித்தான் ஓடின. குமட்டல், வாந்தி, நடுக்கம், தலைசுற்றல் என்று நாற்பது ஆண்டுக்குமேல் அவதிப்பட்ட மனிதர். நோய் என்னவென்று இன்றுவரை தீர்ப்பில்லை. டவுன் ஹவுஸ் என்ற தன் வீட்டில் அவர் நாள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது: கொஞ்சம் வேலை, கொஞ்சம் நடை, கடிதம், சாய்ந்துகொண்டு நாவல் கேட்பது, மறுபடியும் கொஞ்சம் வேலை. 1860-களின் நடுவில் அறைக்குள்ளேயே அடைபட்ட நாட்களில், ஹாப்ஸ் கொடித் தொட்டி ஒன்றைத் தன் கதகதப்பான அறையில் வைத்து, அதன் நுனி இரவும் பகலும் சுற்றுவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஏறுகொடிகளைப் பற்றிய நீண்ட ஆய்வுக்கட்டுரை 1865-ல் வெளிவந்தது. படுக்கையறை ஆய்வுக்கூடம் ஆனது என்று இதைப் புகழ்வது சுலபம். ஆனால் அதே வீட்டில் மனைவி எம்மாவோடு ஆடிய பேக்கமன் ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்கையும் அவர் பல்லாண்டு எழுதி வைத்தார். 1876-ல் எம்மா 2,490 ஆட்டம், தான் 2,795 ஆட்டம் என்று நண்பர் ஆசா கிரேவுக்கு ஆரவாரமாகத் தெரிவித்தார். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகனை பாசூன் ஊதச் சொன்னவரும் அவரே. புழுக்கள் சட்டை செய்யவில்லை. பேக்கமன் கணக்கு எந்த நூலிலும் முடியவில்லை. கொடியும் புழுவும் ஆட்டமும் ஒரே மனிதரின் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. எது அறிவியல், எது வேடிக்கை என்று அன்று பிரித்துத் தர யாராலும் முடிந்திருக்காது.

பயணம் ஆயுளைக் குறைக்கும் என்ற வாதத்துக்கு எப்போதும் எடுத்துக்காட்டாக வருபவர் ரஷ்ய எழுத்தாளர் செகாவ். 1884-லேயே இருமலில் இரத்தம் கண்டவர், மருத்துவர், அண்ணன் நிக்கொலாயை 1889-ல் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். மறு ஆண்டு ஏப்ரலில் மாஸ்கோவிலிருந்து கிளம்பி, ரயில் பாதை போடப்படாத சைபீரியாவைச் சேற்றிலும் வெள்ளத்திலும் குதிரை வண்டியில் கடந்து, சகலின் தீவுக் கைதிகளிடம் மூன்று மாதம் வீடு வீடாகப் போய் ஏறத்தாழப் பத்தாயிரம் கணக்கெடுப்பு அட்டைகளை நிரப்பினார். திரும்பும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. இலங்கை அவருக்குச் சொர்க்கமாகப் பட்டது. கீரிப்பிள்ளை என்று வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோன பிராணிகளில் ஒன்று மரநாயாக இருந்தது தனிக்கதை. அந்தப் பயணம் அவர் நுரையீரலுக்கு நல்லது செய்திருக்காது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் அவர் பதினான்கு ஆண்டு வாழ்ந்தார். மருந்தே இல்லாத அந்நாளில், 1897-ல் பெரும் இரத்தப்போக்கு வந்தபின் மருத்துவர் சொற்கேட்டு மிதமான யால்டாவில் தங்கியதும் நோயை நிறுத்தவில்லை, 1904-ல் இறந்தார். பயணம் எவ்வளவு எடுத்தது, ஓய்வு எவ்வளவு கொடுத்தது என்று எவரும் கணக்குக் காட்ட முடியாது. கைதிகளின் நிலையைப் பதிவுசெய்த சகலின் நூல் மட்டும் இருக்கிறது. அந்தப் பேரத்தைச் செய்யும் உரிமை நுரையீரலின் சொந்தக்காரருக்குத்தான் உண்டு, அதுவும் அவர் மருத்துவராகவும் இருக்கும்போது.

எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் கதை இதன் மறுபக்கம். காசநோய் என்று கருதப்பட்ட நுரையீரல் நோயோடு ஸ்காட்லாந்து, டாவோஸ், தென் பிரான்ஸ், பார்ன்மத், அமெரிக்காவின் சாரனாக் ஏரி என்று காற்றுத் தேடி அலைந்தவர், 1888-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வாடகைக்குப் பிடித்த பாய்மரக் கப்பலில் பசிபிக்குக்குள் நுழைந்தார். 1890-ல் சமோவாவில் குடியேறினார். பார்ன்மத்தில் பெரும்பாலும் வீட்டோடு கிடந்தவர் சமோவாவில் காடு வெட்டித் தோட்டம் போட்டார், குதிரையேறினார். 1894-ல் 44 வயதில் அவர் உயிரை எடுத்தது நுரையீரல் அல்ல, மூளை இரத்தக்கசிவு. இதைக் கொண்டு பயணம் குணமாக்கும் என்று முழங்குவதும் தவறே. செகாவையும் ஸ்டீவன்சனையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு பக்கச் சூத்திரமும் உடைகிறது.

இங்கிருந்துதான் பிடிவாதமான எதிரியைச் சந்திக்க வேண்டியிருக்கிறது: நோயாளியின் ஈடுபாட்டை வரவேற்று, உடனே அதற்குப் பயன் கேட்கும் நல்லெண்ணம். ஓவியம் வரையலாம், ஏனென்றால் அது மனதுக்கு மருந்து. எழுதலாம், ஏனென்றால் வலியிலிருந்துதான் பெரிய இலக்கியம் பிறக்கிறது. முதல் வாதத்துக்கு மதிக்கத்தக்க பின்னணி உண்டு. தொழில்வழிச் சிகிச்சை என்ற துறையை 1917-ல் அமெரிக்காவில் அமைப்பாகத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்ல. காசநோயும் பக்கவாதமும் கண்டு, தோட்ட வேலையிலும் தச்சிலும் மீண்ட கட்டடக்கலைஞர். ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938-ல் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் காசநோயாளியாகக் கிடந்தபோது கட்டிலருகே இருந்த பொருள்களை வரைந்தார்; மற்ற நோயாளிகளும் சேர்ந்தார்கள்; கலைவழிச் சிகிச்சை என்ற பெயரே அவர் வழியாகத்தான் வந்தது. இருவரும் முதலில் செய்தது தங்களுக்குப் பிடித்ததை. சிகிச்சை என்ற பெயர் பிறகு வந்தது. பெயர் வந்தபின் பாதை தலைகீழாகிறது: சிகிச்சை அட்டவணையில் இருப்பதால் வரைய வேண்டும், மதிப்பெண் தாளில் முன்னேற்றம் காட்ட வேண்டும். தபால்தலை சேர்ப்பவரிடம் உங்கள் கவலை அளவு குறைந்ததா என்று எவரும் கேட்பதில்லை, அவர் ஆரோக்கியமானவராக இருக்கும்வரை.

இரண்டாவது வாதம், நோயே படைப்பைத் தந்தது என்பது, காசநோயைக் கவிஞர்களின் நோயாக அலங்கரித்த 19-ஆம் நூற்றாண்டின் மிச்சம். எடுத்துக்காட்டாக ஓவியர் மத்தீஸைச் சொல்வார்கள். 1941-ல் குடல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தபின் நின்று வரைய முடியாமல், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டிய படங்களுக்குத் திரும்பினார். 1947-ல் 'ஜாஸ்' நூல் வந்தது. நோய் ஒரு புதுக் கலையைக் கொடுத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஒரு தேதியைப் பார்க்க வேண்டும்: 1930-களின் தொடக்கத்தில், நல்ல உடம்போடு, அமெரிக்காவின் பார்ன்ஸ் மாளிகைக்கு நடனச் சுவரோவியம் திட்டமிட்டபோதே அவர் வெட்டிய தாள்களை நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்தினார். கருவி முன்பே கையில் இருந்தது. நோய் மற்றக் கருவிகளை எடுத்துக்கொண்டது. உழைப்பு மத்தீஸுடையது, அதன் பெருமையை நோய்க்குக் கொடுப்பதில் நியாயமில்லை.

டாவோஸில் ஸ்டீவன்சன் செய்ததைப் பார்த்தால் பயன் கேட்கும் தரப்பு திகைக்கும். 1880-லிருந்து இரண்டு குளிர்காலங்கள் அங்கே. மனைவியின் மகன் லாயிடு ஆஸ்போர்னுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பையனிடம் ஒரு பொம்மை அச்சு இயந்திரம் இருந்தது. ஸ்டீவன்சன் அதற்கு வேடிக்கைப் பாட்டு எழுதினார், மரத்துண்டில் தானே படம் செதுக்கினார். செதுக்கத் தெரியாதவர் செதுக்கிய படம் என்பது பார்த்தாலே தெரியும். 'நீதிச் சின்னங்கள்' என்ற சிறு நூலை 1882-ல் அச்சிட்டு, ஆறு பென்ஸ் விலை வைத்து, விடுதியிலிருந்த மற்ற நோயாளிகளிடம் விற்றார்கள். மாடியறைத் தரையில் வரைபடம் கீறி, நூற்றுக்கணக்கான ஈயப் போர்வீரர்களை வைத்து வாரக்கணக்கில் போர் நடத்தினார்கள். போர்ச் செய்தித்தாள்கூட உண்டு. அந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஸ்காட்லாந்தில் பாதியில் நின்றிருந்த 'புதையல் தீவு' நாவலை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாக முடித்தார். நாவலைக் காட்டி ஈயப் பொம்மைகளை நியாயப்படுத்தலாம்தான். வேண்டியதில்லை. நாவல் வராமல் போயிருந்தாலும், மூச்சு வாங்கும் ஒருவர் ஒரு சிறுவனோடு தரையில் குப்புறப் படுத்துப் போர் நடத்திய அந்த மாலைகளுக்கு மன்னிப்புக் கேட்கும் தேவை எவருக்கும் இருந்திருக்காது. பின்னாளில் ஃபிளாஜலெட் என்ற குழலை அவர் விடாமல் வாசித்தார். கேட்டவர்கள் எல்லோருமே மோசமாக வாசித்ததாகத்தான் சொல்கிறார்கள்.

மீதமிருப்பது பணம் பற்றிய ஆட்சேபம்; அது உண்மையானது. பேர்டுக்குச் சொத்து வருமானம் இருந்தது, டார்வினுக்கு நிலமும் முதலீடும், ஸ்டீவன்சனுக்குத் தந்தையின் உதவி. தினக்கூலிக்காரருக்குக் கடற்பயணம் பரிந்துரைக்க முடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் ஓய்வு வாதத்துக்குத்தான் அதிகம் பொருந்தும்: மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட விலையுயர்ந்த வைத்தியம் வேறில்லை என்பதால்தான் சென்னையில் அந்த ஆய்வே தேவைப்பட்டது. தொட்டியில் ஒரு கொடிக்கும் கட்டிலருகே ஒரு பென்சிலுக்கும் செலவு அதிகமில்லை. அதிகச் செலவு பிடிப்பது நேரத்துக்கும் அனுமதிக்கும். அவை இரண்டையும் வைத்திருப்பவர்கள் முதலாளிகளும் குடும்பத்தாரும்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் பொதுக்கருத்தைவிடச் சற்று முன்னால் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் போன்ற நீண்டகால நோய்களும் உண்டு. அதன் 29-ஆம் பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்கில் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. நடனம், ஓவிய வகுப்பு, வெளிப்புற முகாம், சாகச நடவடிக்கைகள் ஆகியவற்றில் கலந்துகொள்ள அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. குணமாக வேண்டும், சாதிக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. முடக்குவாதம், லூபஸ், நாள்பட்ட சிறுநீரக நோய் போன்றவை அந்தப் பட்டியலில் தனி வகைகளாக இல்லை. அவற்றோடு வாழ்கிறவர்கள் ஊர் சுற்றுவதற்கு இன்னும் வீட்டிலும் அலுவலகத்திலும்தான் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.